கூடுதலும் கூடாமையும்

பெருந்தொற்று பரவும் காலத்தில் மக்கள் ஓரிடத்தில் கூடலாகாது என்று ஊருக்குச் சொல்பவர்கள் மருத்துவர்கள். அதே காலத்தில் மற்றெவரையும்விடத் தமக்குள் கூடிப் பேசியாக வேண்டியவர்களும் அவர்களே. நோய் புதிதாக இருக்கிறது. ஒரு நகரத்து மருத்துவர் கண்ட அறிகுறியை இன்னொரு நகரத்தவர் இன்னும் காணவில்லை. ஒருவர் பலனளித்தது என்று எண்ணும் மருந்து மற்றொருவர் கையில் பொய்த்துப் போயிருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ் வைத்துச் சண்டையிட்டுத் தெளிய வேண்டிய தருணத்தில்தான் கூரைகள் ஆபத்தாகிவிடுகின்றன. இந்த முரணைப் பற்றி எழுத வேண்டும் என்று நமக்குத் தோன்றியதற்குக் காரணம், 2020-இல் ஒரேயடியாகத் திரைக்குள் போன மருத்துவ மாநாடுகள் அடுத்த சில ஆண்டுகளில், நடந்தது ஏதோ மழையால் தடைபட்ட கோயில் திருவிழா என்பதுபோல, பெரும்பாலும் பழைய தடத்துக்கே திரும்பிவிட்டதுதான்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. ஒரு கூட்டத்தில் எது சாரம், எது சடங்கு என்ற கேள்வி நமக்கும் உரியதே. அதே 2020-இல் நம் இலக்கியக் கூட்டங்களும் சூம் திரைக்குள் போயின. முப்பது பேர் வரும் நூலக அறைக்குப் பதிலாக டொராண்டோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வாசகர்கள் வந்து அமர்ந்தார்கள். ஆனால் கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நின்றபடி, மேடையில் சொல்லத் துணியாததை ஒருவரோடொருவர் சொல்லிக்கொண்ட அந்த இரண்டாவது கூட்டம் இல்லாமல் போயிற்று. மருத்துவர்களுக்கும் அத்தகைய டீக்கடை வாசல்கள் உண்டு. அங்கே பேசப்படுவது பல சமயம் உயிர் சம்பந்தப்பட்டது என்பதே வேறுபாடு.

பாஸ்டன் நகரத்தில் 2020-இல் பத்தே நாள் இடைவெளியில் இரண்டு கூட்டங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. முதலாவது பயோஜென் என்ற மருந்து நிறுவனத்தின் நிர்வாகிகள் கூட்டம். பிப்ரவரி 26, 27 தேதிகளில் துறைமுக ஓரத்து விடுதி ஒன்றில் ஏறக்குறைய 175 பேர் கூடினார்கள், ஐரோப்பாவிலிருந்தும் வந்திருந்தார்கள். கை குலுக்கினார்கள், சேர்ந்து உண்டார்கள், பிரிந்து சென்றார்கள். அவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது பின்னரே தெரிந்தது. இன்று பழி சொல்வது எளிது. அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதிலும் உறுதி செய்யப்பட்டிருந்த கொரோனாத் தொற்று ஒன்றே ஒன்று. கூடாதே என்று அவர்களிடம் சொல்ல அரசும் இல்லை, சட்டமும் இல்லை.

ஆனால் அதன்பின் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. பாஸ்டன் ஆய்வாளர்கள் வைரஸின் மரபணு வரிசையை எழுத்துக்கு எழுத்து படித்தார்கள். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஒரு பிரதியில் நேர்ந்த எழுத்துப் பிழை அதைப் பார்த்துப் படியெடுத்த பிரதிகளிலெல்லாம் தொடரும். பிழையைப் பிடித்துக்கொண்டே போனால் மூலப் பிரதியைக் கண்டுவிடலாம். இந்தக் கூட்டத்தில் பரவிய வைரஸிலும் அப்படியொரு குறிப்பிட்ட எழுத்து மாற்றம் இருந்தது. அதைப் பின்தொடர்ந்து சென்ற ஆய்வு, 2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியானபோது, அவ்வாண்டு நவம்பர் தொடக்கத்துக்குள் அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தொற்றுகள் அந்தக் கிளையைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று மதிப்பிட்டது. எண் பெரிதுதான். நம்மை அதைவிட நிறுத்தி வைத்தது வேறொரு செய்தி. அதே எழுத்து மாற்றம் கொண்ட வைரஸ் பாஸ்டனின் வீடற்றோர் காப்பகங்களில் பரவியிருந்தது. விடுதியின் விருந்து மண்டபத்திலிருந்து நடைபாதைவாசிகளின் கட்டில் வரிசைக்கு அது எத்தனை கை மாறிப் போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. மாநாட்டுக்கு வருபவர் தம் உடலை மட்டும் பணயம் வைப்பதில்லை. அழைப்பிதழ் பெறாதவர்களின் உடல்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. 'வர விரும்புபவர்கள் தம் பொறுப்பில் வரட்டும்' என்ற வாக்கியத்தை அமைப்பாளர்கள் பிற்பாடு பலமுறை சொல்லக் கேட்டோம். தொற்று நோயைப் பொறுத்தவரை அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

இரண்டாவது கூட்டம் எச்.ஐ.வி. ஆய்வாளர்களுடையது. குரோய் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இம்மாநாடு 1993-இலிருந்து நடந்துவருவது, ஆயிரக்கணக்கானோர் வருவது. மார்ச் 8 அன்று தொடங்க இருந்தது. மார்ச் 6 அன்று, அதாவது இரண்டே நாட்களுக்கு முன், யாரும் வர வேண்டாம் என்று அறிவித்தார்கள். பேச வேண்டியவர்கள் இருந்த இடத்திலிருந்தே பேசினார்கள். புதிய நோயைப் பற்றிய சிறப்பு அமர்வு ஒன்றும் சேர்க்கப்பட்டது. மாநில ஆளுநர் அவசரநிலை அறிவித்தது மார்ச் 10 அன்று. உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று சொன்னது மார்ச் 11 அன்று, அதாவது மாநாட்டின் கடைசி நாளில். ஆணைக்குக் காத்திராமல் எடுக்கப்பட்ட முடிவு அது.

ஆணைக்குக் காத்திராமல் என்ற சொற்களை நாம் சும்மா போடவில்லை. இத்தகைய மாநாடுகளின் இடமும் தேதியும் பல ஆண்டுகளுக்கு முன்பே குறிக்கப்படுகின்றன. மண்டபத்துக்கும் விடுதி அறைகளுக்கும் ஒப்பந்தம் உண்டு. இத்தனை அறைகள் நிரம்பாவிட்டால் இவ்வளவு தண்டம் என்று அதில் எழுதியிருக்கும். தவிர்க்கவியலாத நிகழ்வுகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அரசே தடை விதித்தால்தான் அது தவிர்க்கவியலாதது. மருத்துவ அறிவின்படி அமைப்பாளர் தாமாகவே நிறுத்தினால் அது அவருடைய விருப்பம், நட்டமும் அவருடையதே. காப்பீடு கைகொடுக்குமா என்றால், 2003-இல் சார்ஸ் நோய்க்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் தொற்று நோய்களை விலக்கும் விதிகளைத் தம் பத்திரங்களில் சேர்க்கத் தொடங்கின. (விம்பிள்டன் டென்னிஸ் போட்டியை நடத்துபவர்கள் பெருந்தொற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு வைத்திருந்தார்கள், 2020-இல் போட்டி நின்றபோது பணமும் பெற்றார்கள். தொற்றைப் பற்றி டென்னிஸ்காரர்களுக்கு இருந்த முன்யோசனை!) ஆக, முன்கூட்டி அறிந்தவன் அறிந்தபடி நடந்தால் தண்டிக்கப்படுகிறான், அரசு விழிக்கும் வரை தூங்குவதுபோல் இருப்பவன் தப்பிக்கிறான் என்பதுதான் ஏற்பாடு. மாநாட்டைத் திட்டமிடுவது குறித்து எழுதப்படும் வழிகாட்டிகளில் கிருமிநாசினிக் குப்பிகளை எங்கே வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இந்த ஒப்பந்த வரியை மாற்ற வேண்டும் என்பது அரிதாகவே தென்படுகிறது. நாம் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்போம்.

சார்ஸ் காலத்துப் பாடம் கையில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஒருவர் 2003 மார்ச்சில் நியூயார்க்குக்கு மருத்துவ மாநாடு ஒன்றுக்காகச் சென்றார். திரும்பும் வழியில் நோயுற்று, மார்ச் 15 அன்று பிராங்க்பர்ட்டில் விமானத்திலிருந்து இறக்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடுத்த மாதம் டொராண்டோவில் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தின் ஆண்டு மாநாடு கூட இருந்தது. 16 ஆயிரம் பேர் எதிர்பார்க்கப்பட்டார்கள். தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தபோது நிறுத்தினார்கள். புற்றுநோய் மருத்துவர் ஒருவர் ஊர் திரும்பி நேரே போவது, சிகிச்சையால் உடலின் எதிர்ப்பாற்றல் வற்றிப்போன நோயாளியின் படுக்கையருகே. எனவே அதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை. ஜூலையில் வாஷிங்டனில் அந்த மாநாடு நடந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரலில் சான் டியேகோவில் கூட இருந்த அதே சங்கம் மீண்டும் நிறுத்த வேண்டியதாயிற்று. இம்முறை திரை இருந்தது. கட்டணமில்லாமல் திறந்துவிட்டார்கள். 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள்.

இந்த எண்ணைக் காட்டி, இனி மண்டபமே எதற்கு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. விமானப் புகை, ஐந்து நட்சத்திர விருந்து, மருந்து நிறுவனங்களின் பை, பேனா இவையெல்லாம் ஒழியட்டும் என்கிறார்கள். அவற்றில் எதற்காகவும் நாம் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனாலும் அந்த வாதம் நமக்கு முழுதாக உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல நூறாண்டுக்குப் பின்னே போக வேண்டும்.

1918-ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அக்டோபரில் சிகாகோவில் நடக்க இருந்தது. அக்டோபரில்தான் சாவு உச்சத்தில் இருந்தது. கூட்டத்தை ஒத்திவைத்தார்கள், ரத்து செய்யவில்லை. டிசம்பர் 9 முதல் 12 வரை கூடினார்கள். முகக்கவசம் காக்குமா, பள்ளிகளை மூடுவதால் பயன் உண்டா என்று எல்லாவற்றுக்கும் இரண்டு கட்சி இருந்தது. பெரிய சண்டை தடுப்பூசியைப் பற்றியது. நோய்க்குக் காரணம் வைரஸ் என்று அன்று தெரியாது. மனிதரிடமிருந்து இன்ஃபுளுவென்சா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-இல்தான். பலரும் ஒரு பாக்டீரியாவைக் குற்றவாளியாகக் கருதினார்கள். வெவ்வேறு பாக்டீரியாக்களைக் கலந்து ஆளுக்கொரு தடுப்பூசி செய்திருந்தார்கள். மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரோஸ்னோ தம்முடைய கலவை பலருக்குப் போடப்பட்டு நல்ல பலன் தந்ததாக அறிவித்தார். போட்டுக்கொண்டவர்களில் நோய் குறைவு என்று எண்களும் இருந்தன.

மறுத்தவர்களில் முக்கியமானவர் அரசின் சுகாதார ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மெக்காய். கலிபோர்னியாவில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் நடந்த சோதனையை அவர் எடுத்து வைத்தார். அங்கே ஒன்றுவிட்டு ஒருவருக்கு ஊசி போட்டார்கள். நோய் வருவதற்கு முன்பே போட்டார்கள். போட்டவர், போடாதவர் இருவகையினரும் ஒரே கூடத்தில் படுத்தார்கள், ஒரே காற்றை உள்ளிழுத்தார்கள். நோய் வந்தபோது ஊசி யாரையும் காக்கவில்லை. (காப்பகத்தில் அடைபட்டவர்கள்மீது இப்படிச் சோதிப்பதைப் பற்றி நமக்கு இன்று வேறு விதமான கேள்விகள் உண்டு. அதைத் தனியே எழுத வேண்டும்.) அப்படியானால் மற்றவர்கள் கண்ட பலன் எங்கிருந்து வந்தது? அங்கேதான் விவாதம் கூர்மை கொண்டது. பெரும்பாலான ஊர்களில் ஊசி வந்து சேர்ந்ததே நோய் உச்சத்தைத் தாண்டிய பிறகு. எளிதில் தொற்றக்கூடியவர்களுக்கு அதற்குள் தொற்றிவிட்டது. எஞ்சியவர்களுக்கு ஊசி போட்டு, அதுவரை மொத்த ஊரிலும் நிகழ்ந்த நோயோடு அவர்களை ஒப்பிட்டால் எந்தக் கலவையும் அமுதமாகவே தெரியும். ஊற்றியது வெறும் உப்புநீராக இருந்தாலும்.

இதன் விளைவாகச் சங்கம் ஒரு தடுப்பூசிச் சோதனை எப்படி இருந்தால் நம்பலாம் என்பதற்கு நெறிகளை வகுத்தது. போட்டவரும் போடாதவரும் வயதிலும் பாலிலும் நோய்க்கு ஆட்படும் சூழலிலும் ஒத்திருக்க வேண்டும். கொள்ளைநோயின் அதே கட்டத்தில் இரு தரப்பையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். இன்று இவை பாலபாடம். அன்று நேருக்கு நேர் நின்று, ஒருவர் எண்ணை இன்னொருவர் கிழித்ததால் பிறந்தவை. தனித்தனி இதழ்களில் தனித்தனிக் கட்டுரைகளாக வந்திருந்தால் ஒவ்வொருவரும் தத்தம் கலவையோடு நிறைவடைந்திருப்பார்கள் என்றே நினைக்கிறோம். அந்தக் கூட்டத்தையொட்டி வெளியான செயல்திட்டத்தில் அவசியமற்ற கூட்டங்களைத் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரையும் இருந்தது. சிரிக்கத் தோன்றும். ஆனால் அவசியமானது எது என்பதற்கு அவர்கள் நடத்திய கூட்டமே சான்று.

சிகாகோவுக்கும் முந்திய ஒன்று உண்டு. அதுவே நமக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவி ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். சீன அரசு அனுப்பிய மருத்துவர் வூ லியன்-தே. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். நோய் எலியிலிருந்து மட்டுமல்ல, மூச்சு வழியே மனிதரிடமிருந்து மனிதருக்கும் வருகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் கொண்டு முகக்கவசம் செய்து அணியச் சொன்னார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அனுபவத்தில் மூத்தவர். இந்த இளைஞன் சொல்வதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் பிளேக்கால் இறந்தார். நிலம் பனியில் இறுகிக் கிடந்ததால் புதைக்க முடியாமல் குவிந்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை எரிக்க வூ பேரரசரின் அனுமதி பெற்றார். 1911 மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. ஏப்ரல் 3 அன்று முக்டென் நகரில் பதினொரு நாடுகளின் மருத்துவர்கள் கூடினார்கள். ஏப்ரல் 28 வரை இருந்தார்கள். ஜப்பானின் கிதசாதோ வந்தார், ரஷ்யாவின் சபலோத்னி வந்தார், மணிலாவிலிருந்து அமெரிக்கரான ஸ்ட்ராங் வந்தார். தலைமை வகித்த வூவுக்கு வயது 32.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அலை ஓயும் வரை பொறுத்தார்கள்; ஓய்ந்தபின் ஒரு வாரமும் வீணாக்கவில்லை. இரண்டாவது, நோய் நடந்த ஊருக்கே சென்றார்கள். பாரிஸிலோ டோக்கியோவிலோ வசதியாகக் கூடி மஞ்சூரியாவைப் பற்றிப் பேசவில்லை. நோயைக் கண்ணால் கண்டவன் மேடையில் இருந்தான், பெரிய பெயர்கள் அவன் எதிரே அமர்ந்திருந்தன.

நோயைக் கண்டவர்கள் மண்டபத்துக்குள் வர முடிகிறதா என்ற இந்தக் கேள்விதான் எய்ட்ஸ் மாநாடுகளின் வரலாறு முழுவதிலும் இழையோடுகிறது. கொரோனாவுக்கு முன்பே, நாற்பதாண்டுகளாக ஒரு பெருந்தொற்றுக்கு நடுவே மாநாடுகளைத் திட்டமிட்டு வருபவர்கள் அவர்கள். எச்.ஐ.வி. காற்றில் பரவாது, கை குலுக்கினால் பரவாது. அவர்கள் கூடுவதற்கு மருத்துவத் தடை ஒன்றுமே இல்லை. ஆனாலும் தடை இருந்தது. 1987-இலிருந்து அமெரிக்கா எச்.ஐ.வி. தொற்றுள்ள வெளிநாட்டினர் நுழைவதைத் தடுத்தது. 1990-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டைப் பல அமைப்புகள் புறக்கணித்தன. 1992-இல் நடக்க வேண்டிய இடம் பாஸ்டன் (மறுபடியும் பாஸ்டன்!), ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் ஏற்பாட்டில் இருந்தார்கள். நோயாளிகள் வர முடியாத ஊரில் நோயைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்து ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றினார்கள். தடை நீங்கியது 2010-இல். அதன் பிறகே, 2012-இல், வாஷிங்டனில் கூடினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் அந்த மாநாடு நடக்கவில்லை. ஒரு தொழில்முறைச் சங்கம் இவ்வளவு நீண்ட காலம் ஒரு கொள்கையைக் கட்டிக் காத்தது சாதாரணமல்ல.

2000 ஜூலையில் டர்பனில் நடந்தது ஆப்பிரிக்காவில் நடந்த முதல் உலக எய்ட்ஸ் மாநாடு. தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெகி எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே ஐயம் எழுப்பிக்கொண்டிருந்த நேரம். அங்கே போகலாமா, புறக்கணிக்கலாமா என்று பேச்சு எழுந்தது. போனார்கள். 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் மருத்துவர்களும் எச்.ஐ.வி.தான் காரணம் என்று கையெழுத்திட்ட டர்பன் பிரகடனம் அந்த மாதமே வெளிவந்தது. பிறவியிலேயே தொற்றுப் பெற்ற நிகோசி ஜான்சன் என்ற 11 வயதுச் சிறுவன் தொடக்க விழாவில் பேசினான். மறு ஆண்டு ஜூனில் இறந்தான். தம் தொற்றை வெளிப்படையாக அறிவித்திருந்த நீதிபதி எட்வின் கேமரன், மருந்து வாங்கத் தம்மால் முடிவதால் தாம் உயிரோடிருப்பதாகவும் முடியாதவர்கள் இறப்பதாகவும் அந்த அரங்கத்தில் பேசினார். அப்போது அம்மருந்துகளுக்கு ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் அளவில் செலவாயிற்று. ஏழு மாதம் கழித்து இந்தியாவின் சிப்லா நிறுவனம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு மாநாடுதான் இதைச் செய்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் விலை என்ற சொல் மருத்துவ மேடையின் நடுவுக்கு வந்தது டர்பனில் என்று சொல்லத் தடையில்லை. அந்த அரங்கத்தில் இருந்தவர்களின் முகங்களைத் திரையில் சிறு கட்டங்களாகப் பார்த்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா? நிகழ்ந்திருக்காது என்பதே நம் எண்ணம்.

இப்போது 2022-க்கு வருவோம். ஜூலை 29 அன்று மாண்ட்ரியலில் எய்ட்ஸ் மாநாடு தொடங்கியது. கொரோனா ஓயவில்லை. ஆறு நாட்களுக்கு முன்தான் குரங்கம்மையை உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையாக அறிவித்திருந்தது. மூன்று தொற்றுகளுக்கு நடுவே ஒரு மாநாடு. திரை வழியே பங்கேற்கவும் ஏற்பாடு இருந்தது. ஆனால் நேரில் வர அழைக்கப்பட்ட ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளைச் சேர்ந்த பலருக்குக் கனடா விசா மறுத்தது. பலருக்குப் பதிலே வரவில்லை. மேடையில் பேச வேண்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்புக்குத் தலைவரான, உகாண்டாவைச் சேர்ந்த வின்னி பியானிமாவையே ஜெனீவா விமான நிலையத்தில் நிறுத்தி வைத்தார்கள். தம்மை விமானத்தில் ஏற்ற ஏறக்குறைய மறுத்துவிட்டதாக அவரே தெரிவித்தார். தொடக்க விழாவில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. விழா தொடர்ந்தது.

1992-இல் பாஸ்டனை விட்டு வெளியேறியவர்களின் வாரிசுகள் இவர்கள். அன்று மறுக்கக் காரணம் இரத்தத்தில் இருந்த வைரஸ். இன்று கடவுச்சீட்டின் நிறமும் வங்கிக் கணக்கின் இருப்பும். 2020-இல் திரை திறந்தபோது கம்பாலாவிலிருந்த செவிலியும் பாஸ்டனிலிருந்த பேராசிரியரும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள் என்பதில் ஐயமில்லை. மண்டபம் திரும்பியதும் வரிசை மறுபடி இரண்டாயிற்று. நேரில் பேசுபவர் ஒரு சாதி, திரையில் பார்ப்பவர் இன்னொரு சாதி. திரைக்காரருக்கு உரை கிடைக்கிறது; நடைக்கூடத்துப் பேச்சு கிடைப்பதில்லை, கேள்வி கேட்கும் முறையும் கிடைப்பதில்லை. நமக்கு உறுத்துவது இதுதான். திரை தோற்றுப்போயிற்று என்பது நம் குற்றச்சாட்டல்ல. வசதியுள்ளவர்கள் தமக்கு மண்டபத்தை எடுத்துக்கொண்டு, திரையை ஏழைகளுக்கு ஒதுக்கிவிட்டு, அதற்குச் சமவாய்ப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதை மாற்ற முடியாதா என்றால், முடியும். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அலையின் நடுவே கூட வேண்டாம், சிகாகோக்காரர்களைப்போல இரண்டு மாதம் தள்ளிவைக்கலாம். அப்படித் தள்ளிவைப்பவனை ஒப்பந்தம் தண்டிக்கக் கூடாது. உரைகளைக் கட்டணமின்றித் திரையில் விட்டுவிடலாம். உரை கேட்க யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. மண்டபத்தைச் சண்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு 16 ஆயிரம் பேர் தேவைப்படாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விடுதியின் நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன், நோய் மிகுந்த நாடுகளின் மருத்துவர் அந்த ஊருக்குள் நுழைய எத்தனை வாரம் ஆகும் என்று பார்க்கலாம்.

எய்ட்ஸ் ஆய்வாளர்களின் சங்கம் 2025 ஜூலையில் தன் அறிவியல் மாநாட்டை ருவாண்டாவின் கிகாலியில் நடத்தியது. ருவாண்டா 2018-இலிருந்து எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கிய இடத்திலேயே விசா தருகிறது. அந்நாட்டில் 2024 செப்டம்பர் இறுதியில் மார்பர்க் நோய் வெளிப்பட்டு 66 பேரைத் தாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்கள். 15 பேர் இறந்தார்கள். டிசம்பர் 20 அன்று நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஏழு மாதம் கழித்து உலகத்து மருத்துவர்கள் அங்கே போய் இறங்கினார்கள். ஆண்டுக்கு இரண்டே முறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஊசிக்கான பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதும் அங்கேதான். அம்மருந்தை இளம்பெண்களிடம் சோதித்துப் பார்த்த நாடுகளில் ஒன்று தென்னாப்பிரிக்கா, மற்றொன்று ருவாண்டாவின் அண்டை நாடான உகாண்டா.